மராமத்து என்று சொல்லிக் கட்டிய குளியலறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கார் நிறுத்துகிற கொட்டகையை அறையாக்கி அதில் டியூஷன் எடுக்கப் போவதாகவும், அனுமதி விஷயமெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி ஆயிற்றே, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். வாதம் வந்ததற்கு அப்புறம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் என்னைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

இடது கால் விழுந்ததிலிருந்து அம்மாவால் மூன்று படி இறங்கிப் பின்பக்கக் குளியலறைக்குப் போக முடியவில்லை. படுக்கையறையை ஒட்டி, பக்கத்துச் சந்தில் ஒரு குளியலறை எழுப்பலாம் என்று முடிவெடுத்து நகராட்சி அலுவலகத்துக்கு அனுமதி கேட்கப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் என்ன வேலை சார் என்று கேட்டாள். மராமத்துதாம்மா என்றேன். நம் வீட்டில் ஆணி அடித்தாலும் மராமத்து, மாடி கட்டினாலும் மராமத்து, உனக்குத் தெரியாததா. அவள் அதையே எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, மராமத்து என்றால் இருக்கிற சுவரை நகர்த்தக் கூடாது, கூரையை மாற்றக் கூடாது, ஓரடிகூடப் புதிதாகக் கட்டக் கூடாது என்று. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ள என்ன கேடு எனக்கு. கொத்தனார் நல்ல மனுஷன், பதினெட்டு நாளில் முடித்துவிட்டார். அகலக் கதவு, சுவரோடு பதித்த இரண்டு கைப்பிடி, வழுக்காத தரை. முதல் நாள் அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

இரண்டே மாதம். தெருக்கோடியில் வேறு ஒரு வீட்டை அளக்க வந்த ஆய்வாளர் போகிற போக்கில் நம் சந்துக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு டேப்பைப் பிடித்தார். மதில் சுவருக்கும் குளியலறைக்கும் நடுவில் பத்து அங்குலம் இருக்கிறது, நாலடி இருக்க வேண்டுமாம். முப்பது நாளில் நாமே இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வந்து இடிப்பார்கள் என்று நோட்டீஸ். நாலடி விட்டால் அங்கே குளியலறையே இல்லை, வெறும் சந்துதான். அலையாய் அலைந்தேன். கடைசியில் அந்த ஆய்வாளரே, நோயாளிக்காகக் கட்டினது, பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா விதியைத் தளர்த்த வழி இருக்கு சார் என்றார். அந்த வழி எனக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா வீட்டில் ஒரு குளியலறை கட்டினார்கள். அவள் புருஷனுக்கு லாரி விபத்தில் இடுப்பு போன சமயம். நம் சமையலறை இருட்டாகிவிட்டது என்று நான் மனு கொடுத்தேன். அவர் ஊன்றுகோலோடு நம் வாசலில் வந்து நின்று ஒரு கையெழுத்துக் கேட்டார், சட்டம்னா சட்டம்தான் என்று சொல்லி அனுப்பினேன். இடித்தார்கள். அந்த மழைக்காலத்திலேயே அவர் பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸ் கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது போனேன். வேறு போக்கிடம் இல்லாமல்தான் போனேன், நல்லவன் ஆகிவிட்டதால் இல்லை. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு நான் மென்று விழுங்கியதையெல்லாம் கேட்டாள். கையெழுத்துப் போடறேன், ஆனா அன்னிக்குக் கொடுத்த மனுவோட நகல் உங்ககிட்ட இருக்கும், எடுத்துட்டு வந்து படிங்க என்றாள். வீட்டுக்குப் போய் எடுத்து வந்து, நீங்களே படித்துக்கொள்ளுங்களேன் என்று நீட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியும், உங்க வாயால கேக்கணும் என்றாள். படித்தேன். எந்தக் காரணத்தை முன்னிட்டும் விதியைத் தளர்த்தக் கூடாது என்ற வரியில் நிறுத்திவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள், மிச்சத்தையும் படிங்க என்றாள். முடித்ததும் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, எழுத்து அழகா இருக்கு, உங்க பொண்ணோடதா என்று கேட்டாள். ஆமாம், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லச் சொல்ல எழுதினாள் என்றேன். அக்காவுக்காகத்தான் என்று உன் அம்மாவைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது, இடிக்க வேண்டாமாம். அம்மாவுக்குச் சந்தோஷம். நான்தான் அந்த அறைக்குள் போவதில்லை, படி இறங்கிப் பின்பக்கம் போகிறேன். அங்கே நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கத்துப் படியும் தெரிகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தெரு குடியிருப்புப் பகுதியா, அங்கே வகுப்பு நடத்த விடுவார்களா என்று கேள். மாப்பிள்ளை கேட்டால் அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார், நீயே போ. என்ன கட்டப் போகிறாய் என்பதை உள்ளபடி சொல், நம் வீட்டுப் பாஷையில் சொல்லாதே. எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கு. கொடுக்கிற காகிதத்தை அங்கேயே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. அடித்தளம் தோண்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று போய் விசாரித்துவிட்டு வா.

குட்டிக்கு இருமல் நின்றதா, எழுது. நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் அம்மாவுக்கும் வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தையல்காரம்மாவுக்கு நீ ஒரு கடிதம் போடு. போனில் பேச வேண்டாம், மாப்பிள்ளையை விட்டு டைப் அடிக்கவும் வேண்டாம். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே, இந்தத் தடவை நான் சொல்லித்தர மாட்டேன். உன் கையாலேயே எழுது. உன் எழுத்து அவளுக்கு அடையாளம் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா