கோடிக்கு மேல் நாற்பத்து நான்கு

மார்ச் 4, செவ்.
காலையிலிருந்து மழை. ஈப்போ அச்சகத்தில் வேலை குறைவு. சுங்கை சிப்புட் முருகன் கோயில் நோட்டுகளை எண்ணி முடித்தேன். மூன்று வருடமாகப் பெண்கள் சேர்ந்து "ஓம் முருகா" எழுதுகிறோம், கோடி முறை. பக்கத்துக்கு 108 கட்டம். நோட்டு அச்சடித்தது நான்தான்.

நிறைந்தது 92,592 பக்கம். அதாவது 9,999,936. கோடிக்கு இன்னும் 64. கடைசிப் பக்கத்தில் 44 கட்டம் காலியாகக் கிடக்கும்.

108 ஒன்பதால் வகுபடும். கோடி வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் வெறும் 1. பின்னால் எத்தனை பூஜ்யம் போட்டாலும் அதே 1. அச்சடிக்கும் முன் இதை யோசிக்கவில்லை. கணக்கில் புலி என்று பெயர் வேறு.

வாங்க: கேஸ், கங்கோங் கீரை, அக்காவுக்குப் பிஸ்கட்.

மார்ச் 5, புத.
நல்ல வெயில். கோயில் தலைவருக்குப் போன். சிரித்தார். "நாப்பத்து நாலு கூடுதலா இருந்தா சாமி கோவிச்சுக்காது லா, தங்கச்சி. யாரையாச்சும் எழுதச் சொல்லுங்க."

யாரை என்று எனக்குத் தெரியும். என் அக்கா சரோஜா. இதை ஆரம்பித்து வைத்ததே அவள். பக்கவாதத்தில் வலது கை விழுந்து எட்டு மாதம். முடிவில் தன் கை இல்லையே என்ற ஏக்கம், வாயால் சொல்லமாட்டாள். போய்க் கேட்டேன்.

"பீச்சாங்கையால சாமி பேரா? வேண்டுதலே கெட்டுப்போயிரும். நீயே எழுது, போ."

கோபம் வந்தது. பஸ்ஸில் அழுகையும்.

மார்ச் 7, வெள்.
கடைசி 64-ஐ ஆறு பேர் எழுதினோம். கோடி முடிந்தது. மீதிப் பக்கத்தோடு அக்கா வீட்டுக்கு.

"வேண்டுதல் முடிஞ்சிருச்சுக்கா. இந்த நாப்பத்து நாலு கோடில சேராது. எந்தக் கையால எழுதினா என்ன?"

"சேராதா?"

"சேராது. வகுத்துப் பாத்துட்டேன்."

நம்பவில்லை. கால்குலேட்டரை வாங்கிக் கோடியை 108-ஆல் தானே வகுத்தாள். 92592.59... ஒரு பூஜ்யம் கூட்டினாள். இன்னொன்று. புள்ளி போகவில்லை.

"பேனா எங்க இருக்கு?"

4 மணிக்கு ஆரம்பித்தாள். முடிக்க 5.20. கோழி கிளறிய எழுத்து. ஒரு கட்டம் விடவில்லை. என் டீ ஆறிப்போனது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

மார்ச் 9, ஞாயி.
கோயிலில் விழா. கூட்டம். பாயாசம் பிரமாதம், இரண்டு தடவை வாங்கினேன். வாசலில் பேனர்: 10,000,000 திருநாமம். சக்கர நாற்காலியில் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது எங்க?"

"கோடில சேராதுன்னுதானேக்கா எழுதின?"

"அது அன்னிக்கு. எழுதினது எழுதினதுதான். சேத்துரு."

தலைவர் மார்க்கரை நீட்டினார். ஸ்டூல் போட்டு ஏறினேன். கடைசி இரண்டு பூஜ்யத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 44. இலக்கங்களைக் கூட்டினால் இப்போது ஒன்பது.

கீழேயிருந்து அக்கா: "கோணலா இருக்கு. நேரா எழுது."