பீரோவின் அகலம்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலம் என்பது காலையில் உன் மிக்ஸி போடும் கூச்சலிலேயே தெரிகிறது. நம் இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள நடுக்கதவைப் பீரோ வைத்து நான் மறித்த நாளிலிருந்து, உன் வாசல் பெட்டியில் கடிதம் போடுவதுதான் நமக்குள் பேச்சு. உன் மகள் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜப்பான்காரரைக் கட்டிக்கொண்டாள். "ஏன் என்னைக் கேட்கவில்லை?" என்று மாப்பிள்ளையை அவர் மொழியிலேயே கேட்காமல் விடமாட்டேன். வாத்தியார் வேண்டாம், புத்தகம் போதும். மேல்நிலைப் பாடத்துக்கே வந்துவிட்டேன்.

இன்றைய வினைச்சொல் 'ஷிரிஸோகு'. பின்வாங்குதல். வாக்கியத்தில் அமைக்கச் சொல்கிறது. "படை பின்வாங்கியது" என்று எழுதினேன்.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்பு அண்ணாவுக்கு,

படை மட்டுமா? நேற்று வெள்ளம் பின்வாங்கியது, இன்று நாய் பின்வாங்கியது. நீங்கள் சத்தம்போட்டுப் படிப்பதில் எனக்கும் அந்தச் சொல் மனப்பாடம். 'நான்' என்று தொடங்கி ஒன்று சொல்லுங்களேன், ஆசைக்கு!

ஞாயிற்றுக்கிழமை மகள், மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேரும் வருகிறார்கள். ஃபோனில் அவள், "மாமா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுதான் இருக்காரா?" என்றாள். "ஜப்பானிய மொழியில தூக்கி வெச்சிருக்கார்டி" என்றேன். ஒரே சிரிப்பு. அப்புறம், "பாப்பாவப் பார்க்கவே மாட்டாராம்மா?" என்று கேட்டாள். அதை உங்களிடமே கேட்கிறேன்.

உங்கள் தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

எனக்குப் பின்வாங்கிப் பழக்கமில்லை. செய்யாததைச் செய்ததாக எழுதினால் அது பொய். பாடத்துக்காகக்கூடப் பொய் எழுதமாட்டேன்.

பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

அண்ணன்

மார்ச் 14

அண்ணாவுக்கு,

இரண்டு. அதை வைத்தே எல்லாரையும் கடிக்கிறாளாம். பிடித்த பொம்மையை விடுவதும் இல்லையாம். யார் ஜாடை என்று நான் சொல்லவில்லை.

தங்கை

மார்ச் 15, ஞாயிறு காலை

அன்புள்ள தங்கைக்கு,

"ஐயோ, நிலநடுக்கம்!" என்று சற்றுமுன் அலறினாயே, அது நான்தான். பீரோவைத் தள்ளினேன். பிறகு உட்கார்ந்து, "நான் பின்வாங்கினேன்" என்று எழுதினேன். ஒரு பீரோ அகலத்துக்கு மட்டும். அதற்கு மேல் ஓர் அங்குலம் கிடையாது.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு அதை விலக்கியாயிற்று. இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியிலேயே தள்ளுகிறேன்.

மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டே தீருவேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். அவர்களைத் தெரு சுற்றி அழைத்து வராதே. கதவை உன் பக்கமிருந்து தள்ளு.

உன் அண்ணன்