கதவு கேட்ட காகிதம்

உ
ஐப்பசி 3, காலை 9:10. நிலா, ஏழாம் வீடு.
எழுதுவது செண்பகவல்லி. மண் மாதிரிகள் உலர்ந்துவிட்டன. காற்று சரி, தண்ணீர் சரி. மதியத்துக்கு ரசம். எண்ணெயை மிச்சம் பிடிக்க அப்பளத்தை அடுப்புக் கம்பியில் சுடப் போகிறேன். பக்கத்து எட்டாம் வீட்டு ஜெபசிங்குக்கும் இரண்டு எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இந்த மின்பலகையில் ஒவ்வொரு பதிவுக்கும் தலையில் பிள்ளையார் சுழி போடுகிறேன் என்று அவனுக்கு ஒரே கேலி. நான் என்ன செய்ய? எழுதுகோலைத் தொட்டால் கை தானாகப் போடுகிறது. சொன்னால் கேட்காத கை.

உ
மதியம் 12:40
அப்பளம் கருகியது. புகையைப் பார்த்த வீடு, தீ என்று முடிவு கட்டி, எட்டாம் வீட்டுக்குப் போகும் நடைவழிக் கதவைப் பூட்டிவிட்டது. தீயைப் பட்டினி போடக் காற்றையும் நிறுத்திவிட்டது. கதவு திறந்தால்தான் காற்று திரும்ப வரும். உள்ளே இருப்பது சாயங்காலம் வரை தாங்கும்.

கட்டுப்பாட்டு அறை அனுமதிச் சீட்டை அனுப்பிவிட்டது. அதை அச்செடுத்து, கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டு, கதவின் வாயில் செருக வேண்டும். வேறு ஒரு கீறல் இருந்தாலும் செல்லாது. திரையில் காட்டினால் ஏற்காது, போலி செய்துவிடுவோமாம். நிலாவில் யார் வீட்டில் யார் திருடப் போகிறார்கள்?

பிரிண்டர் எனக்கு முன்பிருந்தே இங்கே கிடக்கும் கிழம். வைஃபை போன மாதம் வந்தது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் முகம் கொடுத்துப் பேச மறுக்கின்றன. இந்தக் கிழத்துக்குப் பொருந்தும் கேபிள் பூமியிலேயே கிடைக்காது. வீட்டில் காகிதம் என்று இருப்பது பிரிண்டர் தட்டில் கிடக்கும் ஒரே தாள்.

உ
மதியம் 2:25
ரேடியோவில் ஜெபசிங்: "யக்கா, அந்தப் பழசுக்குப் புது வைஃபை காதுல ஏறாது. பெட்டியில ரெண்டு அலை இருக்கும். வேகமானத அணைச்சிட்டு மெதுவானத மட்டும் வைங்க. பெறவு பிரிண்டரப் பக்கத்துல கொண்டு போயி, பின்னால உள்ள பொத்தான அமுக்கிப் பிடிங்க."

செய்தேன். மஞ்சள் விளக்கு சிமிட்டி அணைந்தது. மறுபடி செய்தேன். மறுபடி அணைந்தது.

கட்டுப்பாட்டு அறை: "கதவை உடைக்க அனுமதி இல்லை. உடைத்தால் இரு வீட்டுக் காற்றும் வெளியேறும். சீட்டைப் பயன்படுத்தவும். பொறுமைக்கு நன்றி."

உங்கள் நன்றியில் இடி விழ.

உ
மாலை 4:05
தலை விண்விண் என்று தெறிக்கிறது. குற்றம் என்மேல்தான். வைஃபைக்குக் கடவுச்சொல்லைத் தமிழில் வைத்திருந்தேன், கிழத்துக்குத் தமிழ் தெரியாது. வெறும் எண்களாக மாற்றினேன். நீல விளக்கு. இணைந்துவிட்டது.

இணைந்த சந்தோஷத்தில், யாரும் கேட்காமலே, இருந்த ஒரே தாளில் சோதனைப் பக்கம் ஒன்றை அடித்துத் தள்ளியது. கலர் கலராகக் கோடுகள். உட்கார்ந்து அழுதேன்.

ஜெபசிங்: "அழாதிங்கக்கா. தாளுக்கு மறுபக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? திருப்பிப் போடுங்க. கதவு ஒரு பக்கந்தான் படிக்கும்."

திருப்பிப் போட்டேன். சீட்டு வந்துவிட்டது, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஜெபசிங் நின்று தட்டுகிறான். நானும் தட்டினேன். மண் மாதிரிப் பெட்டியில் ஒரு பேனா இருக்க வேண்டும். அவனுக்கு வைத்த அப்பளம் மட்டும் கருகவில்லை, கையோடு கொண்டுபோகிறேன்.

மாலை 4:40
கதவு சீட்டை உள்ளே இழுத்தது. அறிவிப்பு: "மேல் ஓரத்தில் கூடுதல் குறி. சீட்டு ரத்து. தாள் அழிக்கப்பட்டது."

கையெழுத்தைத் தவிர ஒன்றும் போடவில்லை என்று கதவிடம் கத்தினேன். பிறகுதான் பேனாவைத் திறந்ததும் கை முதலில் எங்கே போனது என்பது நினைவுக்கு வந்தது.

ஜெபசிங்: "யக்கா, என்ன குறி? என்ன போட்டீங்க? சொல்லுங்கக்கா."

சொல்லவில்லை. சொன்னால் தன் கேலியை நினைத்துக் காலமெல்லாம் மருகுவான். இதைக் கண்டெடுப்பவரும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

மூச்சு பாதியில் நிற்கிறது. பிரிண்டரில் நீல விளக்கு எரிகிறது. திரையில்: "இணைப்பு நன்றாக உள்ளது. தாள் வைக்கவும்."

இந்தப் பதிவின் தலையில் ஒன்றும் போடவில்லை. பாருங்கள். இப்போது கை சொன்னபடி கேட்