பாசி மேய்ந்த ஏழு நத்தைகள்

என்னை ‘சயின்டிஸ்ட்டு’ என்றே கூப்பிட்ட என் அன்பு மாமாவுக்கு,

கடல்நீரில் பவளம் வளர்க்கும் உங்கள் கண்ணாடித் தொட்டி நன்றாக இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் வீட்டு ஹாலில் அதே இடத்தில்தான். திருவிடந்தைக் கடலிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவர இப்போது அத்தையே போகிறார்.

நேற்று அத்தை ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். உள்ளே ஓடில்லாத ஒரு கடல் நத்தை. நகத்தளவுகூட இல்லை, முதுகு முழுக்க விரல்கள்போல மெல்லிய நீட்சிகள்.

“இன்னாடி, அந்தப் பவளம் துன்ற பூச்சிதானே இது? மாமா பண்ண மாரி நல்ல தண்ணில போட்டுடவா?”

வேண்டாம் அத்தை என்று தடுத்தேன், மாமா.

போன வருடம் நீங்களும் இதே வகை நத்தைகளைத்தான் காட்டினீர்கள். கைப்பேசியில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, இது பவளத்தைத் தின்னும் வகை, கொன்றுவிடுங்கள் என்றேன். “பாசி மேலதான்டி மேஞ்சிகினு கீது” என்றீர்கள். முட்டையிட வந்திருக்கும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். தினமும் தொட்டியைப் பார்த்தவர் நீங்கள். ஒரு படம் பார்த்தவள் நான். ஏன் என்னை நம்பினீர்கள்? “பாவமா கீது” என்று சொல்லிக்கொண்டே ஏழு நத்தைகளையும் எடுத்து, உப்பில்லாத நல்ல தண்ணீரில் விட்டுக் கொன்றீர்கள்.

அடுத்த வாரமே நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தேன். முதுகில் விரல்கள் இருப்பவை எல்லாம் பவளம் தின்பவை அல்ல. நம்முடையவை பாசியின் சாற்றை மட்டும் உறிஞ்சுபவை. அதன்பிறகு மூன்று மாதம் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். ஞாயிறுதோறும் வந்தேன். சொல்லவில்லை. அந்தப் பட்டப்பெயர் போய்விடுமே என்று பயம்.

நேற்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அன்னிக்கு அவுரு சோறே துன்னல, தெரியுமா?” என்றார். பிறகு கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “நீயே வுடு.”

தொட்டியில் விட்டதும் நத்தை சிறிது நேரம் சுருண்டு கிடந்தது. பிறகு பாசியை நோக்கி நகர்ந்தது. நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்களோடு வேன் ஓட்டியவர்கள் வீட்டில் எது ஊர்ந்தாலும் எனக்குத்தான் படம் அனுப்புகிறார்கள். எல்லாம் நீங்கள் பேசிவைத்த பெருமை. இன்று காலை முருகன் அண்ணன் ஏதோ ஒரு புழுவை அனுப்பி, “அடிச்சிடவா பாப்பா? உங்க அண்ணி கட்டில் மேல ஏறி நின்னுகினு கீறா” என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை அண்ணா, அடிக்காதீர்கள், எங்கே இருந்தது என்று சொல்லுங்கள் என்று எழுதினேன். அந்த ஏழு நத்தைகளைப் பற்றியும் அவருக்கு எழுதுவேன். மற்றவர்களுக்கும். வாக்குத் தருகிறேன், மாமா.

உங்கள் அக்கா மகள்,
பவித்ரா