எட்டு விளக்கும் எரிந்ததடி, ஸ்டெல்லா

என் செல்ல ஸ்டெல்லா,

நீ போன இடத்தில் உன் வாய்க்கு ஈடு கொடுக்க யாராவது இருக்கிறார்களா? என் வாய்க்கு இங்கே பென்னலூரில் ஒருத்தியும் இல்லை. அதனால்தான் ஊரே எட்டிப் பார்த்துப் படிக்கட்டும் என்று உனக்கு எழுதுகிறேன். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் ஜெனிக்குப் பையன் பிறந்திருக்கிறான். அவசரக்காரன், நாள் நிறைவதற்குள் கிளம்பி வந்துவிட்டான். மூக்கு அப்படியே உன் மூக்கு, பக்கோடாவைக் கட்டைவிரலால் அமுக்கின மாதிரி. என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். கொல்லைக் கொட்டகையில் நான் கம்பெனிப் பசங்களுக்கு மெஸ் நடத்துகிறேன். என் ரசத்தைக் குடித்துவிட்டும் ஷிப்டுக்குப் போகிறார்கள் என்றால் பார்த்துக்கொள், எவ்வளவு தைரியசாலிகள்!

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். இப்படி முன்னாலேயே பிறந்த குழந்தை தூக்கத்தில் எப்போதாவது மூச்சுவிட மறந்துபோகுமாம். பெரும்பாலும் இனி வராது, அப்படியே வந்தால் உள்ளங்காலில் சுண்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிவாருங்கள் என்றார். மறந்துபோகுமாம்! குடையை மறக்கலாம், சீட்டுப் பணத்தை மறக்கலாம், மூச்சை எப்படியடி மறப்பது?

ஜெனி புருஷன் தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினான். நான் சமைத்துக்கொண்டே பார்க்க, கொட்டகையில் பழைய டிவி. வைஃபை அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஒயர் இழுக்கலாம் என்றால், கடையில் விற்கிற ரெடிமேட் ஒயரின் பிளக் சுவர் ஓட்டைக்குள் நுழையவில்லை.

"நவுருப்பா" என்றேன். "வெறும் ஒயரை இழுத்துக் குடு, பிளக்கை நான் குத்திக்கிறேன். உன் மாமியாரும் நானும் ஒரகடத்துல எத்தினி காருக்கு ஒயர் கட்டிக்கிறோம், தெரியுமா?"

"மாமி, இது கார் இல்லியே."

"கார்ல மட்டும் இன்னா, கயிறா ஓடுது?"

நம் கம்பெனி லைனில் இருந்த சட்டம் உனக்குத் தெரியாததா? இந்த முனையில் எந்தக் கலர் எந்தக் குழியோ, அந்த முனையிலும் அதே. விளக்கு எரிந்தால் பாஸ். நெட்வொர்க் ஒயருக்குள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. புருஷன் பெண்டாட்டி மாதிரி ஜோடி ஜோடியாக அடுத்தடுத்துச் சொருகி, கிரிம்பிங் பிளையரால் அமுக்கினேன். டெஸ்டரில் கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கும் எரிந்தது. படமும் வந்தது. அன்றைக்குச் சாப்பிட வந்தவனையெல்லாம் என் பெருமையைக் கேட்ட பிறகுதான் தட்டு முன்னால் உட்கார விட்டேன்.

நேற்று காலையில் ஜெனி மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "பெரிம்மா, குளிச்சிட்டு வந்துர்றேன், புள்ளைய டிவில பாத்துக்கினே இருங்க!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குட்டி வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சோற்றை வடிக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் வயிறு ஏறவில்லை. ஆவி மறைக்கிறதோ என்று முந்தானையால் டிவியைத் துடைத்தேன். ஏறவில்லை. கை அப்படியே, விரல் அப்படியே, திறந்த வாய் அப்படியே.

கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத உடம்பு இது. எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. "ஸ்டெல்லா, ஸ்டெல்லா" என்று கத்திக்கொண்டே ஓடினேனாம். எதிர்வீட்டுக்காரி சொன்னாள்.

தொட்டிலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பிடித்துச் சுண்டினேன். வீல் என்று அலறினான் பார்! அதைவிட நல்ல சத்தத்தை என் ஜென்மத்தில் கேட்டதில்லை.

தலையில் சோப்பு நுரையோடு ஜெனி ஓடி வந்தாள். "பெரிம்மா! இப்பத்தான தூங்க வெச்சேன்! இன்னா பண்ணீங்க?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நின்றது படம்தான்.

மத்தியானம் பிராட்பேண்டுக்காரர் வந்து பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்கா இதைக் குத்துனது?"

"இன்னா குறை? எட்டு லைட்டும் எரியுது."

"எரியும்க்கா. கம்பி எட்டும் போய்ச் சேருது. ஆனா மூணாவது குழிக்கும் ஆறாவது குழிக்கும் ஒரே ஜோடிக் கம்பி போவணும். நீங்க ரெண்டு ஜோடியிலேர்ந்து ஒண்ணொண்ணு வெச்சிருக்கீங்க. கிட்டத்துல ஓடும். இவ்ளோ நீளத்துல அப்பப்ப நின்னுடும்."

வெட்டிவிட்டுப் புதிதாகக் குத்திக் கொடுத்தார். இப்போது படம் நிற்கவே இல்லை. என் பயமும் நிற்கவில்லை, ஸ்டெல்லா. அசையாத படத்தைப் பார்த்துச் செத்துப் பிழைத்தேன். அசைகிற படத்தை மட்டும் எப்படி நம்புவது? உன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டிலும் எல்லாம் நல்லா இருக்கு என்றுதானே சொன்னார்கள்? ஷேர் ஆட்டோவில் எப்படிச் சிரித்துக்கொண்டு வந்தோம்! அதற்கப்புறம் நீ எத்தனை நாள் இருந்தாய்?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஜெனி குளிக்கப் போனால் அடுப்பை அணைத்துவிட்டு நான் மாடிக்குப் போவேன். பசங்க "இன்னாக்கா, சோறு வருமா வராதா?" என்று தட்டைத் தட்டட்டும். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பேரன் வயிற்றின்மேல் என் கையை வைத்திருப்பேன். அது ஏறும்போது நானும் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

உன் பேரனுக்கு மிச்சமிருக்கும் ஆயா,
சரோஜா