சர்ச் புல்வெளியில் ஒரு பிடி சாதம்

ஞாயிறு இரவு, எடிசன், அமெரிக்கா.

லண்டனிலிருந்து வந்து இரண்டு நாளாகியும் தூக்கம் பிடிக்கவில்லை. கிரீன் கார்டு வந்தபின் நானும் வித்யாவும் அமெரிக்காவை விட்டு வெளியே போனது இதுதான் முதல் தடவை. அதுவும் என் ஆபீஸ் வேலையாக.

கடைசி நாள் அவள் ஆசைப்பட்டாளென்று ரயிலேறி ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஆறு, கல்பாலம், ரோஜாக்கொடி படர்ந்த வீடுகள் என்று காலண்டர் படம் மாதிரி இருந்தது. சர்ச் புல்வெளியில் மேசைபோல் கிடந்த கல்லில் டப்பாவை வைத்து, ஹோட்டல் ரூமில் அவள் கிளறிய எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். நாயோடு வந்த ஒரு கிழவி, அது கல்லறை என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனாள்.

"ரூமுக்குப் போனதும் தலைக்குக் குளிச்சிடுங்க" என்றாள் வித்யா. பிறகு ஒரு பிடி சாதத்தை அந்தக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ட்ரெயினுக்கு டைம் ஆச்சு."

"காக்கா வரட்டும்."

போன வருஷம் ஈரோட்டில் அவள் அப்பா இறந்தபோது, கார்டு வராததால் ஊருக்குப் போக முடியவில்லை. இந்த ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் பார்த்தாள். அன்று அழவில்லை.

காக்கை வருவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில், லண்டன் வரும்வரை அழுதாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.