ஏழாவது கேள்வி

வதோதரா
3.6.2025

அன்புத் தங்கை லேகாவுக்கு,

அண்ணன் குமரன் எழுதுவது. கல்லூரி முகவரிக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று யோசிப்பாய். வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள்.

இங்கே தெரிந்த டாக்டர் ஒருவர், சிறு வயதில் உண்ட உணவுக்கும் வளர்ந்த வேகத்துக்கும் பிற்காலத்தில் வரும் குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார். நம் வீட்டு விவரம் கேட்டார். ஏழு கேள்விகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டு எழுது. நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். உன் விவரமும் வேண்டும், விட்டுவிடாதே.

ஆற்றில் தண்ணீர் விட்டார்களா? வெயில் எப்படி?

அன்புடன்,
குமரகுருபரன்


பாளையங்கோட்டை
14.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் அலுவலக உதவியாளர் காஜா முகைதீன் வகுப்பு வாசலுக்கே கொண்டுவந்தார். "இந்தக் காலத்துல யாரு மேடம் லெட்டர் போடுதா? கோர்ட்டு நோட்டீஸா இருக்கப்போவுது, பைய பிரிங்க" என்றார். எனக்கும் ஏறக்குறைய அந்த எண்ணம்தான்.

அம்மாவிடம் கேட்டேன். "பாலு அவனுக்குத்தான். ஒத்தப் பசு, அது கறக்கது ஒரு படி. ஒனக்குக் கடுங்காப்பி. பொம்பளப் பிள்ள வளந்து என்ன செய்ய?" என்று சிரிக்கிறாள். பேட்டைப் பள்ளியில் சேர்த்த கதையும் வந்தது. "கைய தலைக்கு மேல வளைச்சு மறு காதத் தொட்டாத்தான் ஒண்ணாப்பு. அவன் நாலு வயசுலயே தொட்டுட்டான். பெரிய வாத்தியாரு அஞ்சுன்னு எழுதிட்டாரு. நீ ரெண்டு வருசம் போய்ட்டுப் போய்ட்டுத் திரும்பி வந்தியேட்டீ."

ஏழு வயதில்தான் என் கை காதுக்கு எட்டியது. எனக்கும் ஐந்து என்றே எழுதினார்கள். ஆக, சான்றிதழில் உங்களுக்கு ஒரு வயது கூடுதல், எனக்கு இரண்டு குறைவு. உங்கள் டாக்டர் எந்த வயதை எடுத்துக்கொள்வார்? எடை யாருக்கும் நினைவில்லை.

நான் புள்ளியியல் நடத்துகிறவள். ஆய்வு என்றால் ஒப்புதல் படிவம் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்கும். உங்கள் தாளில் இரண்டும் இல்லை. ஆறு கேள்விகள் பால், முட்டை, உயரம், காய்ச்சல் என்று போகின்றன. ஏழாவது, "தங்கைக்கு இப்போது மலத்தில் ரத்தம் போகிறதா?" குழந்தைப் பருவ ஆய்வுக்கு இது எதற்கு? அந்த வரியில் மட்டும் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியிருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. முதலில் டாக்டரின் பெயரை எழுதுங்கள்.

தங்கை,
சித்ரலேகா


வதோதரா
23.6.2025

லேகா,

டாக்டர் உண்டு. ஆய்வுதான் கிடையாது.

மார்ச் மாதம் கம்பெனி வேலையாக வெளியூர் என்று அம்மாவிடம் சொன்னேனே, அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். குடல் புற்றுநோய். ஓர் அடி நீளம் வெட்டி எடுத்தார்கள். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். கூடப் பிறந்தவர்கள் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

நெட்டையாக வளர்ந்தவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம் என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து ஒரே நினைப்பு. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்ததால்தான் எனக்கு வந்தது என்றால், உனக்கு வராது இல்லையா? உனக்குக் கொடுக்காமல் விட்டதே உன்னைக் காப்பாற்றியிருக்கும் இல்லையா? அதை உன் கையெழுத்தில் பார்க்க ஆசைப்பட்டேன்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

குமரன்


பாளையங்கோட்டை
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று. அதனால்தான் தாமதம்.

நான் தேடிப் படித்த வரையில், பால் குடித்தவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. உயரமானவர்களுக்குச் சற்றுக் கூடுதல். இரண்டுமே லட்சக்கணக்கானவர்களைப் பார்த்துச் சொன்னவை. அதை வைத்து ஒரு பசுவையும் இரண்டு பிள்ளைகளையும் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா ஊற்றிய பாலைக் குற்றம் சொல்லாதீர்கள். என் கடுங்காப்பியையும் நம்பாதீர்கள்.

விடுபட்ட பதில்: ஆம். மாசியிலிருந்து. மூலம் என்று நானே முடிவுகட்டி, கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிறவள் இதற்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். 16ஆம் தேதி புதன் காலை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். வயதை உள்ளபடி சொன்னேன். பதிவு செய்கிற பெண் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல வேற இருக்கே மேடம்" என்றாள். "அது காது சொன்ன வயசு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, உங்களுடையதையும் என்னுடையதையும். இரண்டையும் நான் ஒருத்தியாகச் சொல்ல முடியாது.

மருந்து ஏற்றும் நாட்களுக்கு நடுவில் பயணம் செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். படிவத்தில் 'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் துறையில் இருக்கும் கோமு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலில்.

தங்கை,
லேகா